இணையவழித் தேர்வில் நேர்மை உறுதிமொழி: கட்டத்தில் ஒரு டிக் போதுமா?

2020-ஆம் ஆண்டு கல்லூரிகள் மூடிக்கிடந்த மாதங்களில், பொருள் வலிமையியல் பாடத்தின் அகமதிப்பீட்டுத் தேர்வை முதன்முறையாக இணையம் வழியே நடத்தினேன். மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே ஏ4 தாளில் விடை எழுதி, கைப்பேசியில் படமெடுத்து, பிடிஎஃப் கோப்பாக அனுப்ப வேண்டும். கேள்வித்தாள் திறப்பதற்கு முன்பு ஒரு பக்கம் வரும். தேர்வை நேர்மையாக எழுதுவதாக உறுதியளிக்கும் ஆங்கில வாக்கியம் ஒன்றும், அதன் அருகே ஒரு சிறு கட்டமும் அதில் இருக்கும். வகுப்பில் இருந்த 62 பேரும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள்.

நான்காம் கேள்வியைத் திருத்தும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. கேள்வியில் உத்தரத்தின் நீளம் 6 மீட்டர். பத்து விடைத்தாள்களில், கணக்கின் மூன்றாவது வரியில் மட்டும் அந்த 6 என்பது 8 ஆகி, இரண்டு வரிகள் கழித்து எந்தக் காரணமும் இல்லாமல் மீண்டும் 6 ஆகியிருந்தது. இறுதி விடையோ எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. பதினொன்றாவது தாளைப் பார்த்தபோது விளங்கியது. அந்த மாணவரின் கையெழுத்தில், அந்த ஒரு வரியில், 6-இன் மேல்முனை வளைந்து 8 போலத் தெரிந்தது. அவருடைய தாளின் படம்தான் தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருக்கிறது.

அவர்களைத் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். உறுதிமொழி பற்றிக் கேட்டதற்கு ஒரு மாணவர், "சார், அதுல டிக் பண்ணினாத்தான் அடுத்த பக்கமே திறக்கும்" என்றார். இன்னொருவர், "ஃபார்முலா சரியான்னு பார்க்கத்தான் குரூப்ல கேட்டேன் சார், அது காப்பின்னு எனக்குத் தோணல" என்றார். இருவர் சொன்னதும் உண்மை என்றே நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். படித்துப் பார்க்கக்கூட அவசியமில்லாத ஒரு வாக்கியத்தை நுழைவாயிலில் வைத்துவிட்டு, அதை உறுதிமொழி என்று அழைத்தது நான். எது உதவி, எது காப்பி என்று அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இப்படித் தெளிவில்லாமல் விடுவதன் விலை எவ்வளவு என்பதற்கு, இணையவழித் தேர்வுகள் பரவலாவதற்கு முன்பே நடந்த ஒரு நிகழ்வு உண்டு. 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் ஒன்றுக்கு, வீட்டுக்கு எடுத்துச் சென்று எழுதும் தேர்வு வைத்தார்கள். புத்தகம், குறிப்பு, இணையம் எல்லாவற்றையும் பார்த்து எழுதலாம், ஆனால் பிறரோடு விவாதிக்கக் கூடாது என்பது விதி. சுமார் 125 மாணவர்கள் மீது விசாரணை நடந்தது. அவர்களில் ஏறத்தாழ 70 பேர் தற்காலிகமாகப் படிப்பைவிட்டு விலக வேண்டியதாயிற்று. இணையம் முழுவதும் திறந்திருக்கும்போது பக்கத்து அறை நண்பன் மட்டும் எப்படி விலக்கப்பட்டவன் ஆவான் என்ற குழப்பம் பலருக்கு இருந்திருக்கக்கூடும் என்பதை ஓர் ஆசிரியனாக என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தப் பல்கலைக்கழகம் 2015-இல்தான் நேர்மை விதித்தொகுப்பு ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

விதித்தொகுப்பு இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் மாணவர்கள், பொய் சொல்ல மாட்டோம், ஏமாற்ற மாட்டோம், திருட மாட்டோம், அவற்றைச் செய்பவர்களைச் சகித்துக்கொள்ளவும் மாட்டோம் என்ற நெறியிலேயே வளர்க்கப்படுபவர்கள். 2020 மே மாதம் அவர்கள் வளாகத்தைவிட்டு வெளியே இருந்து எழுதிய நுண்கணிதத் தேர்வில் 73 பேர் மீது காப்பியடித்த குற்றச்சாட்டு எழுந்தது. அங்கும் திருத்தியவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது பல தாள்களில் காணப்பட்ட ஒரே மாதிரியான பிழைகள்தாம். அந்தச் செய்தியைப் படித்தபோது என் மேசைமேல் இருந்த பதினொரு தாள்கள் நினைவுக்கு வந்தன.

உறுதிமொழியை ஆராய்ந்தவர்கள் சொல்வதையும் நாம் கவனிக்க வேண்டும். படிவத்தின் கடைசியில் கையொப்பமிடுவதைவிட முதலிலேயே கையொப்பமிட்டால் நேர்மை கூடும் என்று 2012-இல் வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் ஆசிரியர்களே 2020-இல் இன்னும் பெரிய அளவில் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. மறு ஆண்டு, அதிலிருந்த ஒரு சோதனையின் தரவு புனையப்பட்டது என்று வெளிப்பட்டு, கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, உறுதிமொழியைத் தாளின் தலையில் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று எவரேனும் பயிற்சி வகுப்பில் சொன்னால், தயவுசெய்து அதை ஏற்காதீர்கள்.

நம் நாட்டு மாணவர்களைக் கொண்டே செய்யப்பட்ட ஓர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2015-இல் வெளியான அந்த ஆய்வு, இந்தியாவில் 632 மாணவர்கள் எழுதிய இணையவழித் தேர்வுகளில் ஏமாற்றுதலை, மாணவர்களின் வாய்மொழியை நம்பாமல் நேரடியாகவே அளந்தது. வழக்கமான நேர்மை உறுதிமொழியால் ஏமாற்றுதல் குறைந்த அளவு மிகச் சிறியது. பிடிபட்டால் என்ன நேரும் என்பதை வெளிப்படையாகச் சொன்ன எச்சரிக்கையோ அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இதைப் படித்து, உறுதிமொழியே வேண்டாம், எச்சரிக்கை மட்டும் போதும் என்று முடிவுகட்டும் சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே சோதிக்கப்பட்டதும் என் 2020 தேர்வில் இருந்ததைப் போன்ற, திரையில் வந்து போகும் பொதுவான வாக்கியமே. அமெரிக்காவில் 31 கல்லூரிகளில் ஆய்வு நடத்தி 1993-இல் வெளியிட்ட டொனால்ட் மெக்கேபும் லிண்டா ட்ரெவினோவும், நேர்மை நெறி வேரூன்றிய கல்லூரிகளில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டவர்கள் குறைவு என்று கண்டார்கள். ஆனால் எல்லாவற்றையும்விட வலுவான காரணம், உடன் படிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு மாணவர் நினைக்கிறார் என்பதே. எல்லோரும் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்ற நம்பிக்கை வகுப்பில் பரவிவிட்டால், நேர்மையாக எழுதுபவர் தன்னை ஏமாளியாகவே உணர்வார். அந்த நம்பிக்கையை ஒரு டிக்கால் மாற்ற முடியாது, வகுப்பில் வாய்விட்டுப் பேசித்தான் மாற்ற முடியும்.

அதனால் அடுத்த தேர்விலிருந்து என் முறையை மாற்றிக்கொண்டேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, உறுதிமொழியின் வரைவை வகுப்பில் படித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் மாணவர்களையே கேள்வி கேட்கச் சொல்கிறேன். பாடப்புத்தகம் பார்க்கலாம், கால்குலேட்டர் பயன்படுத்தலாம், தேர்வு முடியும்வரை எந்தக் குழுவிலும் எதையும் கேட்கவோ பகிரவோ கூடாது என்று அந்தத் தேர்வுக்கு மட்டும் உரிய சொற்களில் அது இருக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். அதைப் பற்றி எதுவுமே சொல்லாவிட்டால் அனுமதி உண்டு என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வது இயல்பு. மீறினால் அந்தத் தாளுக்கு மதிப்பெண் இல்லை, துறைத்தலைவர் முன்னிலையில் விசாரணை உண்டு என்பதும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கும். இதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, அவரவருக்கு வசதியான மொழியில், விடைத்தாளின் முதல் பக்கத்தில் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைத் தேர்வு நேரத்தோடு கூட்டிக் கொடுக்கிறேன்.

என் பக்கத்து உறுதிமொழியும் அதே பக்கத்தில் உண்டு. நடத்தாத பகுதியிலிருந்து கேட்க மாட்டேன், பதிவேற்றத் தனியாக 30 நிமிடம் தருவேன், வீட்டுக்குள் கேமராவைத் திருப்பிக் காட்டச் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிடுகிறேன். ஒரே அறையில் நான்கு பேர் வாழும் வீட்டிலிருந்து, அண்ணனின் கைப்பேசியை வாங்கித் தேர்வு எழுதும் பெண்ணிடம் நேர்மையைக் கேட்கும் ஆசிரியர், அவருடைய வீட்டின் மானத்தையும் காக்கக் கடமைப்பட்டவர். கேள்விகளையும் மாற்றினேன்: பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து உத்தரத்தின்மேல் ஏற்றும் சுமை மாறும். ஒருவர் விடையை மற்றவர் அப்படியே எடுத்தெழுத வழியில்லாதபோது, உறுதிமொழியைக் காப்பாற்றுவது மாணவருக்கும் எளிதாகிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது உறுதிமொழியின் கடைசி வரி. "இத்தேர்வில் நான் பெற்ற உதவி" என்று எழுதி, எதிரே வெற்றிடம் விட்டிருப்பேன். அங்கே உண்மையை எழுதினால் தண்டனை கிடையாது, உதவி பெற்ற அந்தப் படிக்கு மட்டும் மதிப்பெண் இல்லை, மற்றவை முழுமையாகத் திருத்தப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முதல் முறை பெரும்பாலோர் "இல்லை" என்று எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், "5-ஆம் கேள்வியில் செவ்வகத்தின் நிலைமத் திருப்புத்திறன் சூத்திரம் மறந்துவிட்டது. அக்காவிடம் கேட்டேன். அவர் பாலிடெக்னிக் படித்தவர்" என்று எழுதியிருந்தார். சொன்னபடியே அந்தச் சூத்திரத்துக்குரிய ஒரு மதிப்பெண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கொடுத்தேன். பெயர் சொல்லாமல் அதை வகுப்பிலும் தெரிவித்தேன். அடுத்த தேர்வில் ஒன்பது பேர் அந்த வரியை நிரப்பியிருந்தார்கள். ஒன்பதில் ஆறு பேர் திணறிய இடம் அதே சூத்திரம்தான். அந்த வாரம் புதிய பாடத்தை நிறுத்திவைத்து, அதைக் கரும்பலகையில் முதல் வரியிலிருந்து வருவித்துக் காட்டினேன்.