வயிற்றுக்கு விழும் லோட் ஷெடிங்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்பவர்களுக்கு லோட் ஷெடிங் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போதாத நாளில் நாடு மொத்தமும் இருட்டாகிவிடக் கூடாதென்று, பகுதி பகுதியாக, அட்டவணை போட்டு நிறுத்துவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளைக் கூடுமானவரை விட்டுவிடுவார்கள். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அடுப்பில் பாதி வெந்த பிரியாணியோடு நிற்பது நாம்தான்.

நம் உடம்பும் இதையே செய்கிறது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற பழமொழியை அது எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. ரத்த அழுத்தம் விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் குழாய்களைத் திறந்து வைத்துவிட்டு, தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்களை இறுக்கிவிடும். சிறிது நேரம் என்றால் குடல் தாங்கிக்கொள்ளும். கொரோனா தீவிரமாகி ஐசியுவில் கிடந்தவர்களில் சிலருக்கு அது சிறிது நேரத்தோடு முடியவில்லை. குடலின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் அழுகியது. பரவலாக நடந்ததல்ல, ஆனால் நடந்தவர்களில் பெரும்பகுதியினர் பிழைக்கவில்லை.

முதலில் குடலின் கணக்கைப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வயிற்று உறுப்புகளுக்கே போகிறது. ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பனி சௌ ஒன்றை முழுதாக முடித்துவிட்டு உட்கார்ந்தால், சிறுகுடலுக்கான வரத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். பெருந்தமனியிலிருந்து மூன்று கிளைகள் இந்த வேலைக்கென்றே பிரிகின்றன. நடுக்கிளையான மேல் மெசென்டெரிக் தமனிதான் சிறுகுடலின் பெரும்பகுதியையும் பெருங்குடலின் முதல் பாதியையும் காப்பாற்றுகிறது. அது பெருந்தமனியிலிருந்து சாய்வாகக் கீழ்நோக்கி இறங்குவதால், மேலே எங்கோ கழன்று வரும் ரத்தக்கட்டி நேராக அதற்குள் போய் விழுவது எளிது.

குழாய் அடைபடாமலேயே குடல் ஏன் முதலில் வாடுகிறது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அது. சிறுகுடலின் உட்புறத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொரு விரலிலும் நடுவே ரத்தம் மேலே ஏறுகிறது, பக்கத்திலேயே கீழே இறங்குகிறது. ஏறும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன், நுனியை எட்டுமுன்பே, பக்கத்தில் இறங்கும் ரத்தத்துக்குத் தாவிவிடுகிறது. கால்வாயில் போகும் தண்ணீர் கடைமடைக்குப் போகுமுன் வழியிலேயே கசிவது போலத்தான். நல்ல நாளிலேயே விரல் நுனி அரைப்பட்டினி. வரத்து மெதுவானால் கசிவுக்கு இன்னும் நேரம் கிடைக்கிறது, நுனி முழுப்பட்டினியாகிவிடும்.

இப்போது வைரஸுக்கு வருவோம். ரத்தம் தேவையில்லாமல் உறைய மூன்று காரணங்கள் என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லி வருகிறார்கள்: குழாயின் உட்சுவரில் காயம், ரத்தத்தின் உறையும் தன்மை கூடுதல், ஓட்டத்தில் தேக்கம். தீவிரக் கொரோனா மூன்றையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வந்தது.

ரத்தக்குழாயின் உட்சுவர் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. ரத்தம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவது அதன் தயவால்தான். 2020 ஏப்ரலில் சூரிக் மருத்துவர்கள் ஒரு 58 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்குச் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, உடல் பருமன் மூன்றும் இருந்தன. கொரோனாவில் அழுகிய அவருடைய சிறுகுடலை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, அதன் சிறு ரத்தக்குழாய்களில் இந்த உட்சுவரே வீங்கி அழற்சி கண்டிருந்தது. அதே ஆண்டு பாஸ்டனில் அறுவை மேசையில் வேறொரு வியப்பு. ரத்தமிழந்த குடல் கருநீலமாகத்தான் இருக்கும் என்பது பாடம். சிலருக்கு அது மஞ்சளாக இருந்தது. பெரிய தமனி அடைபடாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அடைபட்டிருந்தன.

உட்சுவர் புண்ணானால் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற பசைப்புரதம் ரத்தத்தில் பெருகும். அழற்சி தூண்ட, கல்லீரல், ரத்தக்கட்டிக்கு இழையாகும் ஃபைப்ரினோஜனை அள்ளிக் கொட்டும். இதே காலத்தில் நம் நாட்டு ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் எதெரேசியா பிரிட்டோரியஸ் குழு, எளிதில் கரையாத நுண்கட்டிகளைக் கொரோனா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டதாக அறிவித்தது. நெடுங்காலக் கொரோனாவுக்கு அவை எவ்வளவு பொறுப்பு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

மூன்றாவதான தேக்கத்துக்குச் சிகிச்சையும் கொஞ்சம் துணைபோனது. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கக் கொடுக்கும் நார்அட்ரினலின் குடலின் குழாய்களை இறுக்கும். வென்டிலேட்டரின் அழுத்தம் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். இவை இல்லாமல் உயிர் தங்காது. சிரசைக் காக்கப்போய் வயிறு விலை கொடுக்கிறது.

இந்த நாட்டின் முதல் நோயாளி 2020 மார்ச் 5 அன்று நம் மாகாணமான குவாசூலு-நேட்டாலில்தான் உறுதிசெய்யப்பட்டார். இங்குள்ள இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் மிகுதி என்பது பழைய செய்தி. சர்க்கரை நோயில் எண்டோதீலியம் ஏற்கெனவே நைந்திருக்கும் என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கொரோனாவில் பலருக்கு வந்த சாதாரண வயிற்றுப்போக்கு வேறு. வைரஸ் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற கொக்கி குடலின் உட்தோல் செல்களில் ஏராளம். அவற்றைத் தொற்று தாக்குவதன் தொல்லை அது.

ரத்தம் நின்ற குடலின் அடையாளம் விசித்திரமானது. நோயாளி வலியில் துடிப்பார்; மருத்துவர் வயிற்றை அழுத்தினால் மெத்தென்றிருக்கும். சில மணி நேரத்தில் வலி குறையக்கூடும், அது நல்ல சேதி அல்ல, நரம்புகளும் சாகின்றன என்று பொருள். முழு அடைப்பு என்றால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் சுவர் மீட்க முடியாத நிலைக்குப் போகும். வென்டிலேட்டரில் மயக்கத்தில் கிடப்பவரால் வலியைச் சொல்லவும் முடியாது. குழாய்வழி உணவு இறங்காமல் வயிறு உப்புவதும், ஆக்சிஜன் போதாத திசு வெளியிடும் லாக்டேட் ரத்தத்தில் ஏறுவதும்தான் தடயம். லாக்டேட்டும் ஆரம்பத்தில் ஏமாற்றும். ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமரை நம்ப வழியில்லை, கொரோனாவில் அது எப்படியும் உயர்ந்தே இருந்தது. சாய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன்தான் தீர்ப்புச் சொல்லும்.

பிறகு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், கட்டியை அகற்றுதல், செத்த குடலை வெட்டுதல். அடைப்பை நீக்கியதும் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. மின்சாரம் திரும்பி வரும் நொடியில் ஃபிரிட்ஜ் புகைந்த அனுபவம் நம் வீடுகளில் உண்டு. பட்டினி கிடந்த திசுவுக்குள் ஆக்சிஜன் திடீரென்று பாயும்போதும், அதிலிருந்து பிறக்கும் மூர்க்கமான மூலக்கூறுகள் எஞ்சிய செல்களைப் பொசுக்கும். எது தேறும், எது தேறாது என்று அன்றைக்கே தெரியாது. அதனால் அறுவை மருத்துவர் சந்தேகமான பகுதியை உள்ளேயே விட்டுவிட்டு, 24 முதல் 48 மணி நேரம் கழித்து வயிற்றை மறுபடி திறந்து பார்க்கிறார்.