சென்சாரை மாத்தியாச்சு, இன்ஜின் போயாச்சு

போன வாரம் தொழுதூர்ப் பக்கமிருந்து ரெக்கவரி வண்டியில் ஒரு கார் வந்து இறங்கியது. ஆறு வருடப் பெட்ரோல் வண்டி. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆயில் ஸ்டிக்கை இழுத்தால் பால் டீ நிறத்தில் வருகிறது. ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு, போய்விட்டது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஓட்டி வந்தவர் பாவம், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணே, முள்ளு பாதியத் தாண்டவே இல்லண்ணே. நாலு நாளைக்கு முன்னாடிதான் டெம்பரேச்சர் சென்சாரே புதுசா மாத்துனேன்."

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. மூன்றிலும் அதே கதை. வண்டி சூடாகிறது, யாரோ ஒருவர் சென்சாரை மாற்றுகிறார், பிறகு ஹெட்டை இறக்க என்னிடம் வருகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) டெம்பரேச்சர் சென்சார் இன்ஜினைக் குளிர்விப்பதில்லை. அது வெறும் தெர்மாமீட்டர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை மாற்றுவீர்களா? தண்ணீர் ஒழுகினாலும், வாட்டர் பம்ப் தேய்ந்தாலும், ரேடியேட்டர் அடைத்தாலும், சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டாலும் வண்டி சூடாகும். அதைச் சரியாகச் சொன்ன சென்சாரைக் கழற்றிக் குப்பையில் போடுகிறோம்.

சரி, சென்சாரால் சூடாகவே ஆகாதா? ஒரே ஒரு வழி உண்டு. இருக்கிற சூட்டைக் குறைத்துச் சொன்னால் ஃபேன் தாமதமாக ஓடும். அந்தக் கோளாறு சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும்தான் தெரியும். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றே ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும். அங்கே சூடாகிறது என்றால் சென்சாரைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள்.

உண்மையில் சென்சார் கெட்டால் வேறு மாதிரித் தொல்லைகள்தான் வரும். சூடான இன்ஜினை 'இன்னும் குளிர்ச்சி' என்று சொன்னால் இசியூ (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) பெட்ரோலை அள்ளிக் கொட்டும். மைலேஜ் படுக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று சொன்னால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சில வண்டிகளில் சாவி போட்டதுமே ஃபேன் முழு வேகத்தில் இரையும். சென்சார் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் இசியூ தற்காப்புக்குச் செய்கிற வேலை அது.

இசியூவைப் படிக்கிற ஸ்கேனரில் பி0118 என்று கோளாறு எண் வந்தவுடன் ஸ்பேனரைத் தூக்குகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த எண் 'சென்சாரை மாற்று' என்று சொல்லவில்லை. சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்றுதான் சொல்கிறது. எலி கடித்த ஒயரும் அதே எண்ணைத்தான் தரும். சென்சாரில் ஒயர் மாட்டுகிற கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பின்னில் பச்சையாகப் பூத்திருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்தது.

சென்சார் நல்லதா என்று பார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் பாருங்கள். கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 30, இன்னொன்று 55 என்று காட்டினால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், ஊர் வெயில் நமக்குத் தெரியாததா?

அந்தக் காருக்கு வருகிறேன். வாட்டர் பம்ப்பின் அடியில் காய்ந்த இளஞ்சிவப்புக் கறை, கோலப்பொடி சிந்தியதுபோல். கூலன்ட் பல நாளாகக் கசிந்து, சூட்டில் காய்ந்து படிந்தது. மூலக் காரணம் அதுதான். அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. சென்சாரைக் கழற்றியபோது கொட்டிய கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். காற்றை வெளியேற்றவில்லை. கசிவு அதுபாட்டுக்குத் தொடர்ந்தது.

முள் ஏன் ஏறவில்லை? சென்சாரின் முனை தண்ணீரில் முங்கியிருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். தண்ணீர் இறங்கி முனை காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் அது குறைவாகத்தான் சொல்லும். போதாக்குறைக்கு, பல வண்டிகளில் குறிப்பிட்ட வரம்புக்குள் சூடு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் மீட்டரை அமைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ச்சிக்கு நீல விளக்கு, சூட்டுக்குச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள்ளை நம்பிப் பாட்டிலைப் பார்க்காமல் விடாதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ரிசர்வ் பாட்டிலில் அளவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இன்ஜின் ஆறட்டும். தொட்டால் கை பொறுக்கிற அளவுக்கு ஆறட்டும். மூடி போட்ட சிஸ்டத்துக்குள் 1 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து முகத்துக்கு வரும். என் வலது முழங்கையில் இருக்கிற தழும்பு நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தது. 'ஈரத் துணி போட்டுத் திறந்தா ஒண்ணும் ஆகாது' என்று சொல்லித்தான் அன்று எனக்கும் திறக்கக் கொடுத்தார்கள். தயவுசெய்து வேண்டாம், ஐயா. ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்காருங்கள்.

அழுத்தத்தை விட்டபிறகு கொஞ்சம் கூலன்ட்டை இறக்குங்கள். பழைய ஓ ரிங்கையோ (கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) வாஷரையோ திரும்பப் போடாதீர்கள். டெஃப்ளான் டேப்பைச் சுற்றாதீர்கள். ஒற்றை ஒயர் சென்சார்களில் மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது, டேப் அதைக் கெடுக்கும். உட்கார்ந்திருப்பது அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோதான், அதனால் பலத்தைக் காட்ட வேண்டாம். கையால் மரை பிடித்து, பிறகு அளவாக இறுக்கினால் போதும். மரை போனால் மொத்த ஹவுசிங்கும் போச்சு.

அப்புறம், காற்று. எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கம்பெனி சொன்ன கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஏர் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். உள்ளே ஹீட்டர் சுடச்சுடக் காற்றடிக்க வேண்டும். அடிக்கவில்லையா, உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஆறவிட்டு மறுபடி அளவு பாருங்கள்.

சென்சாரைக் கேட்காமல் எப்போதும் ஓடும்படி ஃபேனை 'டைரக்ட்' பண்ணுவதும், 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வைத்தியம் இல்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் திட்டுகிறேன்.

அந்தக் காரின் பழைய சென்சாரை ஓனர் டேஷ்போர்டு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். எதிர் டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி, தெர்மாமீட்டரும் மல்டிமீட்டருமாக அவர் எதிரிலேயே முக்கிக் காட்டினேன். சூடு ஏற ஏற இதில் ஓம் குறையும். 80 டிகிரியில் 320 ஓம். இந்த வகைக்கு அச்சு அசலாக அதுதான் கணக்கு. பிறகு புதிதாகப் போட்ட மலிவுச் சரக்கைக் கழற்றி அதே வெந்நீரில் விட்டோம். 400 ஓம். அதாவது இருக்கிற சூட்டைவிட ஏழு டிகிரி குறைத்துச் சொல்கிறது. அவர் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஹெட் இப்போது லேத்தில் இருக்கிறது, ஃபேஸிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது) முடிந்து வரவேண்டும். வந்ததும் புது ஓ ரிங் வாங்கி அந்தப் பழைய சென்சாரையே மாட்டப் போகிறேன்.