பின் ஸ்பிரிங் ஏன் அடிச்சுற்றில் ஒடிகிறது?

தனுஷ்கோடி, மண்டபம், தொண்டி என்று கடலோரமாகவே ஓடும் கார்களில் பின் ஸ்பிரிங் ஒடிந்தால், பெரும்பாலும் ஒடிவது அடிச்சுற்றுதான். பாரம் ஏற்றியதால் ஒடிந்தது என்று சொல்வார்கள். பாரம் கடைசி அடியைத்தான் கொடுக்கிறது, வேலையைத் தொடங்கி வைப்பது உப்பு.

ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகுகிறது. முறுகும் கம்பியில் நடுப்பகுதிக்கு வேலை குறைவு, மேல்தோல்தான் சுமையைத் தாங்குகிறது. அந்தத் தோலைத்தான் உப்பு தின்கிறது. ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் ஈர மணல் தங்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெயின்டை அரைத்து எடுக்கிறது. வெறும் இரும்பில் துரு குழி பறிக்க, அங்கே விரிசல் பிறக்கிறது. ஒடிந்த முகத்தை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி வழவழப்பான பகுதி, மிச்சமெல்லாம் சொரசொரப்பு. விரிசல் பலநாள் மெல்ல வளர்ந்த இடம் அந்த வழவழப்பு. ஒரே நொடியில் முறிந்தது சொரசொரப்பு.

12 மில்லிமீட்டர் கம்பி துருவில் தேய்ந்து 11.5 ஆனால், அந்த இடத்தின் விறைப்பு சுமார் 16 சதவீதம் குறையும், தகைவு, அதாவது கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய விசை, 14 சதவீதம் ஏறும். அரை மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாது.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக, பின் அச்சு ஒரே கட்டையாக அமைந்த வண்டியில் மாற்றுவது கடினமில்லை. சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, பாடியை இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். சக்கரங்களைக் கழற்றி, அச்சை ஜாக்கியால் தாங்கிய பிறகே ஷாக்கின் கீழ் போல்ட்டை இருபக்கமும் எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் இந்த போல்ட்தான் பிடிவாதம் பிடிக்கும். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்கினால் போல்ட் நுழையும் ரப்பர் உறையான புஷ் கருகிவிடும்.

அச்சை மெதுவாக இறக்கும்போது கண் பிரேக் ஹோஸ் மேலேயே இருக்கட்டும். அது விறைத்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். அமுங்கி நிற்பதைக் கடப்பாரையால் நெம்பினால் தெறித்து ஆளை அடிக்கும்.

புது ஸ்பிரிங்கை ஜோடியாகவே போடுங்கள், ஒன்று மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாயும். கிண்ணத்தைச் சுரண்டி, துருத்தடுப்பு பெயின்ட் அடித்து, மேல், கீழ் ரப்பர்களையும் புதிதாக மாற்றுங்கள். கம்பியின் முனை கிண்ணத்தின் தடுப்பில் சரியாக முட்ட வேண்டும். பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஷாக் போல்ட்டை அச்சு தொங்கும் நிலையில் இறுக்கிவிடுகிறார்கள். ஜாக்கியால் அச்சை வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

பிறகு, அரிச்சல்முனை போய்வந்த அன்றே கிண்ணத்தில் நல்ல தண்ணீர் அடியுங்கள். அதில் வடிகால் துளை இருந்து மணல் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள்.