பஸ்ஸில் போன் பார்த்தால் கிறுகிறுப்பா? காதையும் கவனியுங்கள்

ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது போனைப் பார்த்தால் எழுத்து ஆடுகிறது, தலை கிறுகிறுக்கிறது என்பவர்கள் முதலில் போவது கண்ணாடிக் கடைக்குத்தான். பவரை மாற்றியும் சரியாகாத பிறகே உள்காதின் பக்கம் கவனம் திரும்புகிறது. (இடையில் பித்தம் என்று இஞ்சிச்சாறும் குடித்திருப்பார்கள்.)

தலை அசைந்தால் உள்காது அதை அளந்து, மூளைத்தண்டு வழியாகக் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. சுழற்சியை அளப்பவை காதுக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள். நேர்கோட்டு நகர்வை அளப்பவை, கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்த இரண்டு பைகள். அளந்து கண்ணைத் திருப்பச் சுமார் 10 மில்லிவிநாடி (விநாடியில் நூறில் ஒரு பங்கு) போதும். கண்ணால் பார்த்துத் திருத்த 100 மில்லிவிநாடி பிடிக்கும். குலுங்கும் வண்டியில் அதற்குள் அடுத்த குலுக்கல் வந்துவிடும்.

தூரத்துப் பொருளுக்குக் கணக்கு சுலபம்: தலை 10 டிகிரி திரும்பினால் கண் எதிரே 10 டிகிரி. கிட்டத்தில் அது போதாது. தலை சுழலும் அச்சுக்குச் சுமார் 10 செ.மீ. முன்னால் கண் இருப்பதால், தலை திரும்பும்போது கண்ணின் இடமும் பெயர்கிறது. 20 செ.மீ. தூரத்து எழுத்தை விடாமல் பிடிக்கக் கண் ஏறக்குறைய 15 டிகிரி திரும்ப வேண்டும். தலை பக்கவாட்டில் 1 செ.மீ. நகர்ந்தாலே அந்த எழுத்துக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி; 2 மீட்டரில் இருப்பதற்கு 0.3தான். இரு கண்களும் எவ்வளவு உள்நோக்கிக் குவிந்திருக்கின்றன என்பதை வைத்தே மூளை இந்த அளவைக் கூட்டிக்கொள்கிறது.

பஸ்ஸில் போனும் உங்களோடு சேர்ந்து குலுங்குவதால் சிக்கல் இரட்டிப்பு. கண்ணைத் திருப்பச் சொல்கிறது காது. எழுத்தோ முகத்தின் எதிரேயேதான் இருக்கிறது. காதின் உத்தரவை அடக்க வேண்டியது அந்த மெதுவான பார்வைப் பாதை. வண்டி மெல்ல ஆடினால் சமாளிக்கும், அடுத்தடுத்துப் பள்ளம் வந்தால் தோற்கும். எழுத்தைப் பெரிதாக்கி, போனை 20 செ.மீ.யிலிருந்து 40 செ.மீ.க்குத் தள்ளிப் பிடித்தால் பக்கவாட்டுக் குலுக்கலின் பிழை பாதியாகக் குறையும்.

வீட்டில் சோதிக்க தினத்தந்தியை 40 செ.மீ.யில் பிடித்து, விநாடிக்கு இரண்டு முறை பேப்பரை ஆட்டுங்கள்: எழுத்து கலங்கும். பேப்பரை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ‘இல்லை’ என்பதுபோல் ஆட்டுங்கள்: படிக்க முடிய வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி கலங்கினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஜென்டாமைசின் ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்; அது இரு உள்காதையும் பாதிக்கக்கூடியது.

ரீடிங் கிளாஸோடு நடக்காதீர்கள். அது உருவத்தைப் பெரிதாக்குவதால் கண் திரும்பும் பழகிய அளவு போதாமல் தரை மிதக்கும்.

பயிற்சி பரிந்துரைக்கப்பட்டால், சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, அது தெளிவாகத் தெரியும் வேகத்திலேயே தலையை ஒரு நிமிடம் ஆட்டுங்கள். நாளுக்கு மூன்று வேளை. முதலில் 2 மீட்டர், பழகியபின் கை நீளம். லேசாகக் கிறுகிறுக்கத்தான் செய்யும், அந்தப் பிழையிலிருந்துதான் மூளை கற்கிறது. தலைசுற்றலை அடக்கும் மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கினால் அந்தக் கற்றலே தாமதமாகும்.

திடீரென இரட்டைப் பார்வை, வாய் குழறல், கை கால் பலவீனம், நிற்கவே முடியாத தள்ளாட்டம் வந்தால் பயிற்சியும் வேண்டாம், கண்ணாடிக் கடையும் வேண்டாம், உடனே 108.