ரெஃபரல் போட்டாச்சு, அப்புறம்?

"ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிவிட்டேன்" என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். சில வாரங்களில் அது போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்காது. வந்திருந்தாலும் தேதி பல மாதம் தள்ளி இருக்கும். வயிற்றுவலியோ கழுத்துக் கட்டியோ அப்படியே இருக்கும். லண்டனில் ஜிபியாக, அதாவது குடும்ப மருத்துவராக, வேலை பார்க்கும் என்னிடம் தமிழர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், திருச்சியிலிருந்து வந்தவர்கள், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள். இவர்களில் பலர் மிகப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் அவசரமில்லாத நோய்களுக்கு, ரெஃபரல் (ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க ஜிபி அனுப்பும் கடிதம்) போன நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் விதி. நூற்றுக்கு 92 பேருக்காவது அப்படி நடக்க வேண்டும். 2016-க்குப் பிறகு அந்த இலக்கை எட்டவே இல்லை. 2023 செப்டம்பரில் காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. இரண்டு துறைகளுக்குக் காத்திருக்கும் ஒருவர் அதில் இரண்டாகக் கணக்காவார் என்றாலும், அது மிகப் பெரிய எண்ணிக்கை. அதன் பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு மட்டும் தாமதமாவதாக நினைத்து மனம் உடைய வேண்டாம்.

அந்த வரிசையில் உங்கள் இடம் எப்படி முடிவாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். நான் அனுப்பும் கடிதத்தை ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பெஷலிஸ்டோ அனுபவமுள்ள நர்ஸோ படிக்கிறார். உங்களை அவர் பார்த்ததில்லை. கடிதத்தில் உள்ளதை வைத்துத்தான் அவசரமா, சாதாரணமா, முதலில் ஸ்கேன் எடுக்கலாமா, ஜிபிக்கே ஆலோசனை சொல்லித் திருப்பி அனுப்பலாமா என்று தீர்மானிக்கிறார். "மூன்று மாதமாகத் தலைவலி" என்று இருந்தால் ஒரு முடிவு. "காலையில் எழும்போது அதிகம், இருமினால் கூடுகிறது, வாந்தியும் வருகிறது" என்று இருந்தால் முடிவே வேறு. கடிதம் எழுதிய அன்று நீங்கள் பத்து நிமிடத்தில் சொன்னதும் நான் பரிசோதித்துக் கண்டதும்தான் அதில் இருக்கும். அதற்குப் பிறகு உங்கள் உடம்பில் ஏற்படும் எந்த மாற்றமும் அதில் ஏறாது. நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால்தான் ஆஸ்பத்திரிக்குத் தெரியும்.

ஒரு அம்மா போன் செய்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "டொக்டர், இவருக்கு நாரி நோவுக்குக் குடுத்த மாத்திரை முடிஞ்சுது, திரும்ப எழுதுவீங்களோ?" அவ்வளவுதான் கேட்டார். அவர் கணவருக்கு இடுப்பு வலிக்காக ஏற்கெனவே ரெஃபரல் போயிருந்தது. வழக்கமாகக் கேட்பதுபோல, வேறு ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "காலமையிலிருந்து ஒண்டுக்குப் போகேலாமல் இருக்காம். இருக்கிற இடமெல்லாம் விறைச்சுப்போன மாதிரி எண்டும் சொல்றார். அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில அப்பொயின்ட்மென்ட் இருக்குத்தானே, அப்ப சொல்லுவம் எண்டு பேசாமல் இருக்கிறார்" என்றார். உடனே ஏ அண்ட் ஈ-க்கு, அதாவது ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, போகச் சொன்னேன். முதுகெலும்பின் அடிப்பகுதியில் குதிரைவால் போலப் பிரியும் நரம்புக்கற்றை நசுங்கும்போது இப்படித்தான் தொடங்கும். இரண்டு காலிலும் பலம் குறைவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது ஆகியவை அதன் அடையாளங்கள். எமர்ஜென்சியாக எம்ஆர்ஐ எடுத்து, தேவைப்பட்டால் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை இது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடும் கால் பலமும் திரும்பாமலே போகலாம். அவர் அன்றே போனார். அடுத்த மாதத் தேதிக்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கையில் ஒரு தேதி இருப்பதாலேயே அதுவரை பொறுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தத் தேதி உங்கள் பழைய நிலைமையைப் பார்த்துக் கொடுத்தது.

வேறு சிலவற்றுக்கும் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. நெஞ்சை அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் பயங்கரத் தலைவலி, ரத்த வாந்தி. இவற்றுக்கு ஆம்புலன்ஸ் எண் 999-ஐ அழையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அவர்கள் அதிகம். மாரடைப்பு வந்தாலும் உங்களில் சிலருக்கு நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாது. மூச்சு வாங்கும், வியர்க்கும், குமட்டும். "வாய்வாக இருக்கும்" என்று சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாக, ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், ஆனால் அந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவினால் நோவு, மெல்லும்போது தாடைக் கடுப்பு, பார்வை மங்கல் என்று வந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால், ஸ்டீராய்டு உடனே தொடங்காவிட்டால் கண்பார்வை போய்விடலாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் என்எச்எஸ் ஆலோசனை எண் 111-ஐ அழையுங்கள். "தமிழ் இன்டர்ப்ரிட்டர்" என்ற இரண்டு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கட்டணம் கிடையாது.

இவ்வளவு அவசரமில்லாமல், ஆனால் நோய் மெல்லக் கூடிக்கொண்டே போனால்? எங்களுக்குப் போன் செய்யுங்கள். "இன்னும் தேதி வரவில்லை, சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னால் என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, எல்லோரும் காத்திருக்கிறார்கள். "ஜனவரியில் எழுதினீர்கள். அப்போது வாரத்தில் இரண்டு நாள் வலி. இப்போது தினமும் வலி, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, ஐந்து கிலோ குறைந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த மூன்று விவரத்தை வைத்து உங்களைத் திரும்பப் பரிசோதித்து, ஆஸ்பத்திரிக்கு இன்னொரு கடிதம் அனுப்பலாம். பல நேரம் தேதி முன்னுக்கு வந்திருக்கிறது. நீங்களும் அந்தத் துறையின் செயலாளரை அழைத்து, யாராவது ரத்து செய்தால் அந்த இடத்துக்கு வரத் தயார் என்று சொல்லி வைக்கலாம். முதல் ரெஃபரலின்போது எந்த ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இங்கிலாந்தில் உண்டு. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் கூடுதலாக ரயிலில் போனால் காத்திருப்பு சில மாதம் குறையக்கூடும்.

சின்ன விஷயம், ஆனால் பலருக்கு இதனால்தான் வாய்ப்பு போகிறது: ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலும் எண் தெரியாது. மோசடிக்காரர்கள் என்று நினைத்து எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ரெஃபரல் போயிருக்கும் காலத்தில் எடுங்கள். வங்கி விவரம் கேட்டால் மட்டும் வைத்துவிடுங்கள். வீடு மாறினால் எங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போய், நீங்கள் வரவில்லை என்று பதிவாகி, பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது உண்டு. ஊருக்குப் போவதானாலும் தேதிகளைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. புற்றுநோய் சந்தேகம் என்று நான் எழுதினால் ஆஸ்பத்திரியிலிருந்து சில நாளிலேயே அழைப்பு வரும். இவ்வளவு வேகமாகக் கூப்பிடுகிறார்களே, அப்படியானால் எனக்கு உறுதியாக அதுதான் என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பாதையில் அனுப்பப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் புற்றுநோய் இருப்பதில்லை. ரெஃபரலிலிருந்து 28 நாளுக்குள் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்பது அளவுகோல். அந்த அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள், பிள்ளையின் பரீட்சைக்காகவும் வேண்டாம், கோயில் திருவிழாவுக்காகவும் வேண்டாம்.

அடுத்தது நம் பெண்களுக்கு. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேலான பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் சொல்லுங்கள். மகனையோ பேரனையோ மொழிபெயர்க்க அழைத்துவரும் அம்மாக்கள் முழங்கால் வலியைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் எப்படி முடியும், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது? பெண் மருத்துவரைக் கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோய் இருந்தால் அதன் முதல் அடையாளமும் அந்த ஒரு துளிதான். சீக்கிரம் கண்டால் நன்றாகக் குணப்படுத்தலாம்.

காத்திருக்கும் நாட்களில் காலண்டரிலேயே இரண்டு வரி குறித்து வையுங்கள்: எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மாதம் ஒருமுறை எடை. தோலில் மாற்றம் என்றால் போட்டோ. யாராவது மயங்கி விழுந்து கை கால் இழுத்தால், தலை அடிபடாமல் பக்கவாட்டில் படுக்கவைத்த பிறகு, வீட்டில் இருக்கும் இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். நரம்பியல் மருத்துவருக்கு அந்த வீடியோ நாம் சொல்லும் விளக்கத்தைவிட அதிகம் சொல்லும். அப்படி வலிப்பு வந்தவர் கார் ஓட்டக் கூடாது. ஓட்டுநர் உரிமம் வழங்கும் டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. வேலைக்குப் போக கார் வேண்டுமே என்று மறைப்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குளியல் தொட்டியும் வேண்டாம், ஷவரில் குளியுங்கள்.

மருந்தில் கவனம். ஊரிலிருந்து வந்த ஸ்டீராய்டு மாத்திரை, அண்ணனுக்கு எழுதிய வலி மாத்திரை எதையும் எடுக்காதீர்கள். வயிற்றில் புண் இருந்தால் ஐபுப்ரோஃபென் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். எண்டோஸ்கோபிக்கு (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) தேதி வந்தால் ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நோய் மறைந்துவிடக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஊருக்குப் போய் ஸ்கேன் எடுத்துவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் வேண்டாம். உங்கள் தொந்தரவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சின்னப் புள்ளி அதில் தெரியும். அப்புறம் அதற்கும் ஒரு ரெஃபரல், அதற்கும் ஒரு காத்திருப்பு. எந்தப் பரிசோதனை தேவை என்று கேட்டுக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் உள்ள சிடி-யையும், பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்திருந்தால் அந்தத் துணுக்கு உள்ள கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கையோடு வாங்கி வாருங்கள். இங்கேயே தனியார் மருத்துவரை ஒருமுறை பணம் கட்டிப் பார்த்துவிட்டு, சிகிச்சைக்கு என்எச்எஸ்-க்குத் திரும்பவும் விதி அனுமதிக்கிறது. அதற்காக நகையை அடகு வைக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில நேரம் அந்தப் பரிசோதனையை நானே நேரடியாக எழுத முடியும்.

இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினொரு மணிக்கு மேல் போனும் பயமும் மட்டும்தான். கழுத்தில் கட்டி உள்ள ஒருவர் அதை நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அந்த இடமே சிவந்து நொந்துபோய், கட்டி பெரிதாகிவிட்டது என்று ஓடி வந்தார். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் மட்டும் தொட்டுப் பாருங்கள் என்றேன். அது அவருக்கு உதவியது. இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள் என்று சொன்னால் யாரும் நிறுத்தப் போவதில்லை. பகலில் தேடுங்கள், கிடைத்த கேள்வியை எழுதி என்னிடம் கொண்டுவாருங்கள். பயத்தில் சாப்பாடும் தூக்கமும் போய்விட்டால் அதுவும் சிகிச்சைக்குரியதுதான். இங்கிலாந்தில் பேச்சு வழியாக மனநலச் சிகிச்சை தரும் என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் சேவைக்கு ஜிபி கடிதம் இல்லாமல் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் 111-ஐ அழைத்து மனநல உதவி என்ற தெரிவை எடுங்கள், எந்த நேரமானாலும் சரி. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பது உங்கள் விருப்பம். இங்கே கூட இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள், பயத்தில் நமக்குப் பாதிதான் காதில் விழும்.

கடைசியாக, ஸ்பெஷலிஸ்டைப் பார்த்து முடித்து வெளியே வரும்முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: முடிவை யார் சொல்வார்கள், எந்தத் தேதிக்குள்? அந்தத் தேதி தாண்டியும் தகவல் இல்லையென்றால், எல்லாம் சரியாக இருப்பதால்தான் கூப்பிடவில்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மறுநாளே அவர்களுக்குப் போன் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் எங்களுக்குச் செய்யுங்கள்.