ஞாபகமா, நினைவா? பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு சொல்

"ஞாபகம் இருக்கா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறோம். சொல் அவ்வளவு பழகிவிட்டது. ஆனால் அதன் முதற்பொருள் இன்று நாம் கொள்ளும் பொருள் அன்று. வடமொழியில் 'ஜ்ஞா' என்றால் அறிதல். ஞானம், விஞ்ஞானம், அஞ்ஞானம் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. அதன் பிறவினையிலிருந்து வந்த 'ஜ்ஞாபகம்' என்பதற்கு அறிவிப்பது, குறிப்பால் உணர்த்துவது என்று பொருள். ஒரு நூற்பா, தான் நேரே சொல்லாத இன்னொரு விதியைக் குறிப்பால் காட்டினால் அதை வடமொழி இலக்கணக்காரர்கள் ஞாபகம் என்பார்கள். தொல்காப்பிய மரபியல் அடுக்கும் 32 உத்திகளிலும் 'ஞாபகங் கூறல்' ஒன்று. மறந்ததை நினைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அது நூல் செய்யும் முறை பற்றியது.

குறிப்புக் காட்டுவது என்ற பொருள் மெல்ல நீண்டு, நினைவுக்குக் கொண்டுவருவது என்றாகி, பிறகு நினைவையே குறிக்கத் தொடங்கியது. பழைய கட்டடங்களின் சலவைக்கல்லில் 'இன்னாரின் ஞாபகார்த்தமாக' என்று பொறித்திருப்பார்கள். அந்த நடுப்பொருள் அங்கே இன்னும் தங்கியிருக்கிறது: கல் ஒரு குறிப்பு, அது ஒருவரைச் சுட்டுகிறது. இந்தக் 'குறிப்பு' என்ற பொருளை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஞாபகத்தைவிட நெருக்கமான சொல் மெமரி. இலத்தீன் 'மெமோரியா'விலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. ஆனால் பிள்ளைக்கு அது கைப்பேசி வழியாகத்தான் வருகிறது. மெமரி கார்டு, மெமரி ஃபுல். கணினித் தமிழ் இதற்கு நினைவகம் என்ற சொல்லை ஆக்கிக்கொண்டது. கருவிக்கு நல்ல சொல்தான். சிக்கல் எங்கே என்றால், கருவியின் படத்தைப் பிள்ளைகள் தங்கள் தலைக்குள்ளும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் இரண்டு தவறுகளைச் சொல்லிக்கொடுக்கிறது. ஒன்று, அதிகம் படித்தால் மூளை நிரம்பிவிடும் என்பது. உண்மையில் முன்பே தெரிந்தது கூடக் கூட, அதையொட்டிய புதியது எளிதாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது இதைவிட மோசம்: வைத்த படம் வைத்தபடியே திரும்பி வரும் என்பது. மனித நினைவு ஒருபோதும் அப்படித் திரும்பி வருவதில்லை.

இங்கேதான் தமிழ்ச் சொல் கைகொடுக்கிறது. நினைவு என்பது நினை என்ற வினையில் பிறந்த பெயர். கன்னடத்தில் நெனெ, நெனப்பு, மலையாளத்தில் நினவு. இவை ஒரே குடும்பம். மலையாளத்தில் அன்றாட வழக்கு ஓர்ம. குமரி மாவட்டத் தமிழிலும் ஓர்மை உண்டு. ஆராய்தல், உணர்தல் என்று பொருள்படும் 'ஓர்' என்ற வினையிலிருந்து வந்தது அது. நினை என்றால் எண்ணு என்றும் பொருள், மறக்காதிரு என்றும் பொருள். "நாளைக்கு மழை வரும்னு நினைக்கிறேன்", "பாட்டியை நினைக்கிறேன்" இரண்டுக்கும் ஒரே வினை. இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் பெரும் நிறையாகவே பார்க்கிறேன். நினைவு ஒரு பெட்டிக்குள் கிடக்கும் பொருள் அல்ல, ஒவ்வொரு தடவையும் நாம் செய்யும் வேலை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

வள்ளுவர் நினைத்தலுக்கு உள்ளுதல் என்ற சொல்லையும் ஆள்கிறார். 1316ஆம் குறளில் தலைவன் 'உள்ளினேன்', அதாவது உன்னை நினைத்தேன், என்கிறான். 'என் மறந்தீர்?' என்று தலைவி ஊடுகிறாள். இப்போது நினைத்தேன் என்றால் இடையில் மறந்திருந்தீர் என்றுதானே பொருள்? அவள் கோபம் நியாயமோ இல்லையோ, கணக்குச் சரி. நினைவு விளக்குப்போல எந்நேரமும் எரிந்துகொண்டிருப்பதில்லை, ஏற்றும்போது எரிகிறது.

நினைவு என்ற சொல்லில் ஒரு மேடுபள்ளம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். "விபத்தில் நினைவிழந்தார்" என்று செய்தித்தாளில் வந்தால் மயங்கிவிட்டார் என்று பொருள், பழையதை மறந்தார் என்றல்ல. "நினைவு திரும்பியது" என்றால் மயக்கம் தெளிந்தது. பெரிய ஆள் என்ற 'நினைப்பு' வேறு. ஆகவே பாடம் நடத்துபவர் மயக்கத்துக்கு உணர்விழத்தல் என்றும், பழையதை இழப்பதற்கு நினைவுமறதி என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. பொருளுக்கு நினைவு, திறனுக்கு நினைவாற்றல், செயலுக்கு நினைவுகூர்தல். இந்தக் கடைசிச் சொல்லை நான் மிகவும் விரும்புகிறேன். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். அதாவது கூர்தல் என்றால் இருப்பது மிகுதல். நினைவுகூர்ந்தால் நினைவு தேயாது, மிகும். அறிவியல் ஆய்வு இதையே கண்டிருக்கிறது; அதைப் பிறகு பார்ப்போம்.

பிள்ளைகளுக்கு விளக்கும்போது பதிதல், நிலைத்தல், மீட்டல் என மூன்று படி போதும்.

பதிதலுக்குக் கவனம் வேண்டும். சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும்போது மறந்துவிட்டதாகச் சொல்கிறோம். பல வேளை அது பதியவே இல்லை, ஏனென்றால் வைக்கும்போது மனம் வேறெங்கோ இருந்தது. நூறு செயல்களை ஒருங்கே நினைவில் நிறுத்தும் சதாவதானத்துக்குத் தமிழில் நூற்றுக்கவனகம் என்று பெயர். செய்குதம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் அதைச் செய்துகாட்டினார். நினைவுக் கலைக்கு 'நினைவகம்' என்று பெயரிடாமல் 'கவனகம்' என்று பெயரிட்டவர்கள் வேலை எங்கே தொடங்குகிறது என்று அறிந்திருக்கிறார்கள்.

கவனத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு நிற்கும் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். நொடிக்கு ஓர் இலக்கமாக மூன்று இலக்கங்களைச் சொல்லுங்கள். பிள்ளை அதே வரிசையில் திருப்பிச் சொல்லட்டும். சரியானால் நான்கு, பிறகு ஐந்து. ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் நிறுத்துங்கள். ஏழு வயதில் ஐந்தளவிலும் பெரியவர்களுக்கு ஏழளவிலும் நிற்கும். இங்கே பெரியவர்கள் செய்யும் பிழை இரண்டு. ராகம் போட்டு இரண்டிரண்டாகச் சொல்வது ஒன்று; 'நான்கு, எட்டு' என்னாமல் 'நாற்பத்தெட்டு' என்பது மற்றொன்று. இரண்டு இலக்கம் ஒன்றாகிவிடுவதால் அளவு பொய்யாகும். ஆனால் அந்தப் பிழையே அடுத்த பாடம்: சேர்த்துக் கட்டினால் அதிகம் நிற்கும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை ஐந்தைந்தாகச் சொல்கிறோமே, அது இதனால்தான். இப்படிக் கட்டியதைக் கொத்து என்று சொல்லிக்கொடுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழுக்கு இரண்டு கூடக்குறைய என்று அளவு சொன்னார். மனத்துக்குள் சொல்லிப்பார்க்க வாய்ப்பில்லாமல் செய்தால் நான்கு கொத்துதான் நிற்கும் என்று நெல்சன் கோவன் 2001இல் காட்டினார். எதுகையும் மோனையும் சீரும் கொத்துக் கட்டும் கயிறுகள். செய்யுள் மனத்தில் நிற்பதும் உரைநடை நழுவுவதும் இதனால்.

குறுங்கால நினைவில் நிற்பது சில நொடிதான். மூன்று எழுத்துகளைச் சொல்லி, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னால் 18 நொடிக்குள் எழுத்துகள் பெரும்பாலும் போய்விடுகின்றன என்று 1959இல் பீட்டர்சன் இணையர் கண்டார்கள்.

அடுத்தது நிலைத்தல். மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். ஒன்றாகச் செயல்பட்ட அணுக்களுக்கிடையே உள்ள இணைப்பு வலுப்படுவதுதான் கற்றல். ஒற்றையடிப் பாதையைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்: நடக்க நடக்கத் தடம் தெளியும், நடக்காவிட்டால் புல் மூடும். நடந்த நிகழ்ச்சிகளை நிலைக்கவைக்க ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். கிரேக்கத்தில் கடற்குதிரை என்று பொருள், வடிவமும் அப்படித்தான். காதுகளுக்கு உட்புறமாகப் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. தூங்கும்போது மூளை பகலில் நடந்ததை மறுபடி ஓட்டிப்பார்த்து நிலைப்படுத்துகிறது. தேர்வுக்கு முதல்நாள் கண்விழித்துப் படிக்கும் பிள்ளை இந்த வேலையைத்தான் தடுக்கிறது.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பைத் தணிக்க 1953இல், 27ஆம் வயதில், இரு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை அறுவையால் நீக்கினார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. ஆண்டுக்கணக்காகச் சந்தித்த ஆய்வாளர் பிரெண்டா மில்னரையும் ஒவ்வொரு முறையும் புதியவராகவே பார்த்தார். ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரையச் சொன்னபோது, மூன்று நாளில் அவர் கை தேர்ந்துவிட்டது. முன்பு வரைந்ததே அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்தது. ஆகவே நினைவு ஒன்றல்ல. நிகழ்வு நினைவு வேறு, செய்முறை நினைவு வேறு. இந்த இரண்டாவதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்ற ஔவை வாக்கில் சொல் தயாராக இருக்கிறது. மிதிவண்டி ஓட்டுவதும் நீந்துவதும் பழக்கம். போன பொங்கலுக்கு எங்கே போனோம் என்பது நினைவு.

மறதிக்கு வருவோம். ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி கற்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறுபடி கற்பதில் அவருக்கு மிச்சமான உழைப்பு 20 நிமிடத்தில் 58 விழுக்காடு, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. இது மிச்சமான உழைப்பின் அளவு. 'ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும்' என்று பலர் இதைத் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் கற்றது பொருளற்ற அசை. கதையும் பாட்டும் இவ்வளவு வேகமாக அழியா. பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது வேறு: சரிவு முதலில் செங்குத்து, பிறகு மெதுவு. அதனால் முதல் மறுபார்வை அன்றைக்கே வேண்டும், அடுத்தது மறுநாள், பிறகு மூன்று நாள், ஒரு வாரம் என்று இடைவெளியை நீட்டலாம்.

மூன்றாம் படியான மீட்டல் இங்கேதான் வருகிறது. மறுபார்வை என்றால் மறுபடி பார்ப்பதல்ல, புத்தகத்தை மூடிவைத்துச் சொல்வது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் மாணவர்களை ஒரு பத்தியைப் படிக்கவைத்தார்கள். பிறகு சிலர் மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் எழுதிப்பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு, படித்தவர்களுக்கு 42. கூர்ந்தது கூடியது.

ஆனால் நினைவுகூரும்போது நினைவு மாறவும் செய்கிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்துகாட்டலாம். இந்தச் சொற்களை இரண்டு நொடிக்கு ஒன்றாகப் படியுங்கள்: பாய், தலையணை, போர்வை, கொட்டாவி, கனவு, இரவு, குறட்டை, கட்டில், களைப்பு, தாலாட்டு, தொட்டில், படுக்கை. இரண்டு நிமிடம் வேறு பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். 'தூக்கம்' என்று எழுதியவர்களைக் கைதூக்கச் சொல்லுங்கள். பட்டியலில் அது இல்லை. சொற்களைக் குறைத்தாலோ, தூக்கம் என்ற சொல்லை முன்கூட்டி வாய்தவறிச் சொன்னாலோ சோதனை கெடும். சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே இதில் அதிகம் ஏமாறுவார்கள் என்பது தெரிந்த முடிவு. ஆகவே பெற்றோரையும் உட்காரவையுங்கள். ஏமாந்த பிள்ளையிடம் "பொய் சொன்னாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூளை பொருளைச் சேர்த்து நினைவைக் கட்டியது, அவ்வளவுதான்.

கேள்வியும் நினைவை மாற்றும். 1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் கார் மோதும் படத்தைக் காட்டி வேகம் கேட்டார்கள். 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டவர்களுக்குச் சராசரி விடை மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், 'தொட்டபோது' என்று கேட்டவர்களுக்கு 31.8. படம் ஒன்றுதான். அதனால் பள்ளியில் நடந்த சண்டையைப் பற்றிப் பிள்ளையிடம் "அவன்தான் உன்னை அடித்தானா?" என்று கேட்காதீர்கள், "என்ன நடந்தது, சொல்லு" என்று கேளுங்கள், முடியும்வரை குறுக்கிடாதீர்கள்.

"நான் பாப்பாவா இருந்தது ஏன் ஞாபகமே இல்ல?" எல்லாப் பிள்ளையும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதளவிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வயதுக்குமுன் ஹிப்போகாம்பஸ் முற்றவில்லை, நடந்ததைக் கதையாகக் கட்டுவதற்குச் சொற்களும் போதவில்லை. அதற்கு முந்தையதாக நாம் 'நினைப்பது' பல வேளை ஒளிப்படத்திலிருந்தும் அத்தை சொன்ன கதையிலிருந்தும் வந்தது.

முதுமையில் பெயர்கள் நாக்கு நுனியில் நின்று தாமதிப்பது இயல்பு. அல்சைமர் நோய் அப்படியல்ல. காலையில் சாப்பிட்டது முதலில் போகும், கல்யாணக் கதை நெடுநாள் நிற்கும், பழகிய பாட்டு இன்னும் நெடுநாள். பேரப்பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்: பாட்டி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது உன்னைச் சோதிக்க அல்ல, விடை பாட்டியிடம் பதிவதில்லை. "நான் யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று தேர்வு வைக்கக் கூடாது, விடை வராதபோது பாட்டி வெட்கப்படுவார். "பாட்டி, நான் கயல், உங்க பேத்தி, ஸ்கூல்லேர்ந்து வந்துட்டேன்" என்று குறிப்பை நாமே கொடுத்துவிட வேண்டும். தொல்காப்பியர் காலத்துப் பொருளில் பார்த்தால், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பதற்கு மாறாக ஞாபகங் கூறுவது.