பலகை வீட்டுக்கு வெளிப்பூச்சு: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் வெதர்போர்ட் வீடு, அதாவது வெளிச்சுவரில் பலகைகள் அடுக்கிய வீடு வைத்திருப்பவர்கள் வெளிப்புறம் பெயிண்ட் அடிக்க என்னைக் கூப்பிடும்போது, பெரும்பாலும் கையில் நிற அட்டையோடுதான் நிற்பார்கள். கரி நிறமா, வெளிர் சாம்பலா, ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளையா என்று வீட்டுக்குள் ஏற்கெனவே பெரிய விவாதமே நடந்து முடிந்திருக்கும். நான் கேட்பது வேறு. வீடு எந்த வருடம் கட்டியது? பலகை என்ன மரம்? இப்போது மேலே இருப்பது என்ன பெயிண்ட்? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் டின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சில வருடங்களில் உரியத் தொடங்கிவிடும்.

வருடத்தை முதலில் கேட்பது வீட்டில் இருப்பவர்களின் உடம்புக்காக. இந்த நாட்டில் 1965-க்கு முந்தைய வீட்டுப் பெயிண்டில் 50 சதவீதம் வரைகூட ஈயம் இருந்தது. 1965-இல் 1 சதவீதம், 1992-இல் 0.25, 1997-இல் 0.1 என்று அந்த அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆகவே 1970-க்கு முன் கட்டிய வீடு என்றால் அடியிலுள்ள பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். பெயிண்ட் உரியாமல் ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை தொல்லை குறைவுதான். காய்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தால் தூளாகப் பறக்கும். சூடான காற்று வீசும் ஹீட் கன் வைத்தால் புகையாகும். அந்தத் தூள் மண்ணில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஹார்ட்வேர் கடைகளில் சோதனைக் கிட் கிடைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் அடிவரை வெட்டியெடுத்த ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஈயம் இருந்தால் நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். கீழே கனமான பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் நுண்தூசியைத் தடுக்கும் பி2 மாஸ்க், வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு இடத்தில். இந்த வேலைக்கென்றே ஏஎஸ்/என்இசட்எஸ் 4361.2 என்ற வழிகாட்டித் தரநெறி இருக்கிறது. விலை கேட்கும்போதே பெயிண்டரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முழிக்கிறார் என்றால் வேறு ஆளைத் தேடுவது நல்லது.

பலகை வீட்டில் பலகை மட்டும் இருப்பதில்லை. கூரை விளிம்புக்கு அடியில் உள்ள தட்டைத் தகடுகள் 1990-க்கு முந்தையவை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஃபைப்ரோ என்ற சிமென்ட் தகடாக இருக்கலாம். அதில் உப்புத்தாளும் கூடாது, பிரஷர் வாஷரும் கூடாது. உண்மையில் பலகைச் சுவரிலும் பிரஷர் வாஷர் எனக்குப் பிடிக்காது. பலகைகள் ஓலை வேய்ந்தது போல மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. கீழிருந்து மேலே பீய்ச்சினால் தண்ணீர் நேராகச் சுவருக்குள் போய்விடும். வாளியும் நீண்ட கைப்பிடி பிரஷும் போதும்.

அடுத்தது, பழைய பெயிண்ட் எப்படி உரிந்திருக்கிறது என்று பார்ப்பது. இதற்கு ஐந்து நிமிடம் செலவழித்தால் பாதி விடை கிடைத்துவிடும். மரம் தெரியும்வரை ஒரே இடத்தில் உரிந்திருந்தால் பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா, அதன் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா, மேலே கூரைத் தண்ணீர் ஓடும் கட்டர் நிரம்பி வழிகிறதா, தோட்டத்து மண் கீழ்ப்பலகையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை கோட் அடித்தாலும் அதே இடத்தில் கொப்புளம் திரும்ப வரும். மாறாக, மேல்பூச்சு மட்டும் அடிப்பூச்சை விட்டு உரிந்திருந்தால் இடையில் ஒட்டுதல் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் வழவழப்பான பழைய ஆயில் எனாமல்மீது, தேய்க்காமல், பிரைமரும் இல்லாமல் தண்ணீர் வகையான அக்ரிலிக் அடித்திருப்பார்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். பெயிண்ட் இளகித் துணியில் ஒட்டினால் அது தண்ணீர் வகை; அசையாமல் இருந்தால் ஆயில் வகை. உள்ளங்கையால் தடவும்போது வெள்ளைத் தூள் வந்தால், அதை முழுக்கக் கழுவி எடுக்காமல் மேலே எதுவும் நிற்காது.

இன்றைக்கு மரப்பலகைக்கு நான் சொல்வது நூறு சதவீத அக்ரிலிக் வெளிப்புறப் பெயிண்ட்தான். மரம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும்; அக்ரிலிக் அதோடு சேர்ந்து கொடுக்கும், உள்ளிருக்கும் ஈர ஆவியையும் கொஞ்சம் வெளியே விடும். ஆயில் எனாமல் வருடம் ஆக ஆக இறுகி வெடிக்கும். ஆனால் பிரைமர் விஷயத்தில் ஆயில் வகைக்கு இன்னும் இடம் இருக்கிறது. செடார் போன்ற மரங்களில் உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள், தண்ணீர் வகைப் பூச்சு வழியாகப் பழுப்புக் கறையாக மேலே வந்துவிடும். அங்கே கறை தடுக்கும் பிரைமர் கட்டாயம். செடாரில் சாதாரண இரும்பு ஆணி அடித்திருந்தால் டேனினோடு சேர்ந்து கறுப்பாக வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணிக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தயங்க வேண்டாம்.

புதிய பைன் பலகை கடையிலிருந்தே பிரைமர் பூசி வரும். அது பலகையை உங்கள் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கத்தான். மாதக்கணக்கில் அப்படியே வெயிலில் விட்டுவிட்டு நேராக மேல்கோட் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். அதைவிட முக்கியம் வெட்டிய முனைகள். பலகையின் முகத்தைவிட முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் மரப் பாதுகாப்பு மருந்தும் பிரைமரும் தடவிய பிறகுதான் ஆணி அடிக்க வேண்டும். மேலே ஏறிய பிறகு அந்த முனைக்குப் பிரஷ் போகாது.

சரி, இப்போது நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு எண் உண்டு. அட்டையின் பின்புறம் எல்ஆர்வி என்று இருக்கும், இல்லாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் கிடைக்கும். கறுப்பு 0, வெள்ளை 100. மரப்பலகைக்கு 40 அல்லது 45-க்குக் கீழே போக வேண்டாம் என்றே பலகை தயாரிப்பாளர்கள் பலர் சொல்வார்கள். மீறினால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம். இப்போது எல்லோரும் கேட்கும் கரி நிறம் 10-க்கும் கீழே. இந்த நாட்டில் வடக்கும் மேற்கும்தான் வெயில் வாங்கும் சுவர்கள். அங்கே கரி நிறம் அடித்தால் பலகை கொதித்து, கணுக்களிலிருந்து பிசின் வடியும். துண்டுகளை இணைத்துச் செய்த பைன் பலகையில் இணைப்புக் கோடுகள் தெரியும். மெல்லிய பலகை குழியும். அகச்சிவப்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் நிறமிகள் கலந்த டின்ட் கேட்டால் சூடு ஓரளவு குறையும், தீராது. கருமைதான் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறதா? ஃபைபர் சிமென்ட் பலகை போட்ட வீட்டில் இந்தக் கவலை குறைவு. இல்லாவிட்டால் கதவுக்கும் வேலிக்கும் அதை வைத்துக்கொண்டு சுவரை வெளிறவே விடுங்கள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் மங்கும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த காவி, மண் நிறங்கள் நின்று பேசும். விக்டோரியா மாநிலத்தில் உங்கள் வீடு ஹெரிட்டேஜ் ஓவர்லே என்ற பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியில் இருந்தால், சில இடங்களில் வெளிநிறம் மாற்றக்கூட கவுன்சில் அனுமதி வேண்டும். டின்ட் கலக்கச் சொல்லும் முன் கேட்டுவிடுங்கள்.

பளபளப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுவருக்கு லேசாக மினுங்கும் லோ ஷீன், சட்டங்களுக்கும் விளிம்புகளுக்கும் பாதிப் பளபளப்பான செமி கிளாஸ். பழைய பலகையில் முழுப் பளபளப்பான கிளாஸ் அடித்தால் ஒவ்வொரு பள்ளமும் மேடும் கண்ணில் குத்தும்.

மரத்தின் அழகு தெரிய வேண்டும் என்று கிளியர் வார்னிஷ் கேட்பவர்களுக்கு நான் இல்லை என்றுதான் சொல்கிறேன். நிறமி இல்லாத படலத்தின் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய் மரத்தின் மேல்பரப்பைச் சிதைக்கும். அதன்மேல் ஒட்டியிருந்த வார்னிஷ் தகடு தகடாகக் கழன்றுவிடும். செடாருக்கு நிறமி சேர்ந்த ஆயில் ஸ்டெயின் நல்லது. அது உரியாது, மங்கும். ஆனால் வெயில் சுவரில் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கும். ஏணி வைத்து எட்டாத இரண்டாம் மாடியில் அதைச் செய்யத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டியும் சீலன்ட்டும் போடும்போது பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் கீழ் இடுக்கை அடைக்கவே கூடாது. உள்ளே போன ஈரம் வெளியேறும் வழி அது. ஜன்னல் ஓரம், மூலை இணைப்பு ஆகியவற்றை அடைத்தால் போதும்.

வெப்பம் 10 டிகிரிக்கு மேலும் 30-க்குக் கீழும் இருக்கும் நாளில், வெயில் விலகிய சுவராகப் பார்த்து நகர்ந்துகொண்டே அடிக்க வேண்டும். குளிர்காலத்தில் மெல்போர்ன் பக்கம் மதியம் மூன்று மணிக்கே பிரஷைக் கழுவிவிடுவது நல்லது. மாலைப் பனி ஈரமான அக்ரிலிக்மீது இறங்கினால் சோப்பு வழிந்தது போல் பழுப்புக் கோடுகள் வரும். அவை கழுவினால் போய்விடும், அதற்காகப் பெயிண்டரோடு சண்டை வேண்டாம்.

வேலை முடிந்ததும் டின்ட் எண்ணை எழுதி, மீதிப் பெயிண்டில் ஒரு லிட்டராவது எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கழுவும்போது பூஞ்சை பிடிக்கும் தெற்குச் சுவரையும், அடியிலுள்ள இரண்டு பலகைகளையும், ஜன்னலின் கீழ்ச்சட்டத்தையும் பாருங்கள். முதலில் வெடிப்பது அங்கேதான். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் வைத்து, இரண்டு கோட் அடித்துவிட்டால் முழுச் சுவருக்கும் மறுபடி சாரம் கட்டும் வேலை பல வருடம் தள்ளிப்போகும்.